உறைதலும் கரைதலும்

கால்வாயின் கரை உடைந்தால் ஊரார் என்ன செய்வர்? மூங்கிற் கழிகளை ஊன்றுவர். வைக்கோலையும் தழையையும் திணிப்பர். மண்மூட்டைகளை அடுக்கிக் களிமண்ணைக் குழைத்து அப்புவர். உடைப்பு அடைபடும், ஊரும் பிழைக்கும். ஆனால் வேலை அத்துடன் முடிந்துவிடுவதில்லை. அவசரத்தில் திணித்த அடைப்பு கால்வாயின் நடுவரை நீண்டு கிடக்கும். அதனை அப்படியே விட்டுவிட்டால் நீரோட்டம் தடைப்படும்; கடைமடை வயல் காயும். ஆகவே, கரை உறுதிப்பட்ட பின்னர், கழியையும் தழையையும் மண்ணையும் ஒவ்வொன்றாக எடுத்து அப்புறப்படுத்துதல் வேண்டும்.

மனித உடலிலும் இவ்விரு வேலைகளும் ஓயாது நடைபெறுகின்றன. ஓடி விளையாடும் சிறுவன் ஒருவன் கால் இடறி விழுகின்றான். முழங்காலில் தோல் கிழிந்து குருதி கசிகிறது. சில நிமிடங்களில் கசிவு நின்றுவிடுகிறது. நாலைந்து நாட்களில் காயத்தின் மேல் கறுத்த பொருக்கு ஒன்று தோன்றிப் பின்பு தானே உதிர்ந்து விழுகிறது. இது எல்லோரும் கண்டறிந்த செய்தி. ஆனால், தோலுக்கு உள்ளே, நாளத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு குருதிப்பெருக்கை நிறுத்திய கட்டி எங்கே போயிற்று? அது உதிர்ந்து விழுவதற்கு வெளியில்லை. உதிர்ந்தால் குருதியோடு மிதந்து சென்று நுரையீரலிலோ மூளையிலோ உள்ள குறுகிய நாளமொன்றை அடைத்துக்கொள்ளும். எனவே அது இருந்த இடத்திலேயே சிறுகச் சிறுகக் கரைதல் வேண்டும். அவ்வாறுதான் கரைகிறது. அக்கரைவு எவ்வாறு நிகழ்கிறது என்பதை மனிதன் அறிந்துகொள்வதற்கு நெடுங்காலம் ஆயிற்று. அந்த அறிவு வந்தபின் பிழைத்த உயிர்கள் பல.

முதலில் கட்டி உண்டாகும் விதத்தைச் சிறிது காண்போர்க்கே அது கரையும் விதம் விளங்கும். குருதியில் தட்டணுக்கள் என்னும் நுண்ணிய உறுப்புகள் மிதந்து செல்கின்றன. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால், அவற்றுள் இரண்டு மூன்று கூறே ஒரு தட்டணுவின் அகலம். நாளத்தின் உட்சுவர் கிழிந்தவுடன் இவை கிழிசலில் வந்து ஒட்டிக்கொள்கின்றன. ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு முதல் அடைப்பாகின்றன. ஆனால் இவ்வடைப்பு வலுவற்றது. குருதியின் வேகத்தில் அடித்துச் செல்லப்படக்கூடியது. அதனை இறுக்கிப் பிடிக்க ஒரு வலை வேண்டும்.

அவ்வலைக்கு வேண்டிய நூல் குருதியின் நீர்ப்பகுதியாகிய பிளாஸ்மாவில் எப்பொழுதும் கரைந்தே இருக்கிறது. அதற்குப் பைப்ரினோஜன் என்று பெயர். காயம் பட்ட இடத்தில் திராம்பின் என்னும் நொதி தோன்றி, பைப்ரினோஜனின் சில சிறு துணுக்குகளை வெட்டி நீக்கும். வெட்டுண்ட மூலக்கூறுகள் தலைக்குத் தலை சேர்ந்து நீண்டு, பக்கத்துக்குப் பக்கம் ஒட்டித் தடித்து, இழைகளாகின்றன. இவ்விழைகளே பைப்ரின். பின்னர் வேறொரு பொருள் வந்து இழைகளுக்கிடையே குறுக்குத் தையல் போடுகிறது. செவ்வணுக்களும் தட்டணுக்களும் அவ்வலையில் மீன்போல் அகப்பட்டுக் கிடக்கின்றன. இதுவே உறைகட்டி.

இனிக் கரைவைக் காண்போம் என்று எண்ணுகிறவர், கட்டி முற்றி, காயம் ஆறி, அதன் பின்னரே கரைக்கும் பொருள் எங்கிருந்தோ வந்து சேரும் என்று நினைக்கக்கூடும். உண்மை வேறு. கட்டியைக் கரைப்பதற்குரிய பொருள், கட்டி உண்டாகும்பொழுதே அதனுள் வைத்து நெய்யப்படுகிறது. வீடு கட்டும் தச்சன், பிற்காலத்தில் அதனைப் பிரிப்பதற்கான உளியையும் சுவரினுள்ளேயே வைத்துப் பூசிவிட்டதைப் போன்றது இது. அந்த உளிக்குப் பிளாஸ்மினோஜன் என்று பெயர். கல்லீரலில் பிறந்து குருதியில் சுற்றிவரும் இப்புரதத்தின் உடலில் கொக்கிகளைப் போன்ற சில மடிப்புகள் உள்ளன. புரதங்கள் அமினோ அமிலங்களால் ஆனவை. அவற்றுள் லைசின் என்பது ஒன்று. பைப்ரின் இழையில் லைசின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இடங்களில் இக்கொக்கிகள் மாட்டிக்கொள்கின்றன. ஆயினும் உறையிலிட்ட வாளைப்போல அது வெறுமனே கிடக்கிறது, வெட்டுவதில்லை.

அவ்வாளை உறையிலிருந்து உருவுவது யார்? நாளங்களின் உட்சுவரில் ஓட்டுத்தளம் பாவியதுபோல் ஒற்றை அடுக்காக அமைந்துள்ள உயிரணுக்களே அதனைச் செய்கின்றன. அவை ‘திசுத் தூண்டி’ என்று சொல்லத்தக்க ஒரு நொதியைச் சிறிது சிறிதாகக் குருதியில் விடுகின்றன. இத்தூண்டி பிளாஸ்மினோஜனை ஓரிடத்தில் வெட்டுகிறது. வெட்டியவுடன் பிளாஸ்மினோஜன் பிளாஸ்மினாக மாறிப் பைப்ரின் இழைகளைத் துண்டு துண்டாக நறுக்கத் தொடங்குகிறது. இங்கே ஒரு நுட்பம் வியக்கத்தக்கது. ஓடும் குருதியில் தூண்டியும் பிளாஸ்மினோஜனும் அருகருகே சென்றாலும் அவை ஒன்றையொன்று பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. இரண்டும் ஒரே பைப்ரின் இழையின்மேல் வந்து அமர்ந்தால்தான் வேலை விரைவாக நடக்கிறது. கரைய வேண்டிய பொருளே கரைப்பவரைக் கூட்டிவைக்கிறது. கட்டி இல்லாத இடத்தில் கரைப்பும் இல்லை.

இத்துடன் உடல் மன நிறைவு கொள்வதில்லை. பிளாஸ்மின் கட்டியை விட்டு வழுவிக் குருதியில் கலந்துவிட்டால், உறைதற்கு வேண்டிய பைப்ரினோஜனையே அது தின்று தீர்த்துவிடும். பிறகு சிறு கீறலும் உயிருக்கு உலை வைக்கும். ஆகையால் அதனைப் பிடித்து அடக்குவதற்கென்றே குருதியில் எதிர்ப்பிளாஸ்மின் என்னும் காவற்புரதம் ஒன்று உண்டு. வழுவி வந்த பிளாஸ்மினை அது நொடிப்பொழுதில் பற்றிச் செயலறச் செய்துவிடும். ஆனால் இழையின்மேல் கொக்கி மாட்டி வேலை செய்துகொண்டிருக்கும் பிளாஸ்மினை அது எளிதில் பற்றுவதில்லை. ஏனெனில் காவற்புரதம் பிடித்திழுக்க வேண்டிய கொக்கிகளே அப்பொழுது இழையில் மாட்டப்பட்டிருக்கின்றன. வேலையில் இருப்பவனுக்கு விலக்கு. ஊர் சுற்றுபவனுக்கு விலங்கு! தூண்டியை அடக்குவதற்கும் தனியே ஒரு காவலர் உண்டு. இவ்வாறு ஒன்றை ஒன்று தடுத்தும் தூண்டியும் நிற்பதனாலேயே, குருதி நாளத்தினுள் நீராக ஓடுகிறது. நாளம் கிழிந்த இடத்தில் கட்டியாக நிற்கிறது.

நறுக்குண்ட பைப்ரின் துண்டுகள் குருதியில் கலந்து கல்லீரல் முதலியவற்றால் அகற்றப்படுகின்றன. குறுக்குத் தையல் போட்ட இடத்தை மட்டும் பிளாஸ்மினால் பிரிக்க முடிவதில்லை. அதனால் இரு கூறுகள் ஒட்டிய நிலையிலேயே ஒரு துண்டு எஞ்சுகிறது. இதற்கு டி-டைமர் என்பது மருத்துவர் வழங்கும் பெயர். பல நாள் படுக்கையில் கிடந்த ஒருவருக்குக் கெண்டைக்கால் வீங்கி வலித்தால், ஆழ்ந்த சிரையில் கட்டி உண்டாகியிருக்குமோ என்று மருத்துவர் ஐயுறுவர். ஐயம் வலுவற்றதாக இருக்கும்பொழுது குருதியில் டி-டைமரை அளந்து பார்ப்பர். அது மிகக் குறைவாக இருந்தால் கட்டி இல்லையென்று பெரும்பாலும் தெளியலாம். மிகுதியாக இருந்தாலோ ஒன்றும் துணிய முடியாது. கருவுற்றவர், முதியவர், அறுவை மருத்துவம் செய்துகொண்டவர், நோய்த்தொற்று உடையவர் ஆகிய பலரிடத்தும் அது மிகுந்து காணப்படும். உடலின் எங்கோ ஒரு மூலையில் ஏதோ ஒரு கட்டி கரைகிறது என்பதையே அது தெரிவிக்கிறது.

உடலே தன் கட்டியைத் தான் கரைத்துக்கொள்ளுமாயின் மருத்துவர் எதற்கு என்று ஒருவர் வினவலாம். உடலுக்கு வழி தெரியும், விரைவு போதாது. காலின் சிரையில் உண்டான பெருங்கட்டி கரைய வாரங்களும் மாதங்களும் ஆகலாம். கால் பொறுத்துக்கொள்ளும். இதயம் பொறுக்குமா? இதயத் தசைக்குக் குருதி கொண்டுசெல்லும் நாளத்தில் கட்டி அடைத்துக்கொண்டால், அரை மணி நேரத்துக்குள்ளேயே தசை மடியத் தொடங்குகிறது. மூளையோ நிமிடக் கணக்கில் வாடுகிறது. உடலின் மெல்லிய உளியை மனிதன் தன் கையில் எடுத்து, வேண்டிய பொழுதில், வேண்டிய விரைவில் செலுத்த முடிந்தால் அன்றோ அவ்வுயிர்கள் பிழைக்கும்?

உறைந்த குருதி மீண்டும் நீராகும் என்ற செய்தி முதலில் இறந்தோரிடமிருந்தே அறியப்பட்டது. ஜான் ஹண்டர் என்னும் அறுவை மருத்துவர் 18-ஆம் நூற்றாண்டில் இலண்டன் நகரில் புகழ் பெற்றவர். திடீரென மடிந்த உயிர்களின் குருதி உறையாமல் நீராகவே இருப்பதை அவர் கண்டார். அவர் மறைந்தபின் 1794-ஆம் ஆண்டில் வெளிவந்த நூலில் இச்செய்தி காணப்படுகிறது. ஒரு நூற்றாண்டு கழித்து, 1893-ஆம் ஆண்டில், பிரெஞ்சு அறிஞர் ஆல்பெர் தாஸ்த்ர் பைப்ரின் கரைவதற்கு ‘பைப்ரினோலிசிஸ்’ என்ற பெயரைச் சூட்டினார். பெயர் கிடைத்தது, காரணம் கிடைக்கவில்லை.

பிறகு மாஸ்கோ நகரில் ஓர் அரிய நிகழ்ச்சி நடந்தது. அங்குள்ள ஸ்க்லிபோசோவ்ஸ்கி மருத்துவமனையின் அறுவை மருத்துவர் செர்கே யூதின், 1930-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், குருதி பெரிதும் இழந்து சாகும் தறுவாயில் இருந்த ஒருவருக்கு, இறந்த ஒருவரின் உடலிலிருந்து எடுத்த குருதியை ஏற்றினார். நோயாளி பிழைத்தார். திடீரென இறந்தவர்களின் குருதி முதலில் உறைந்து, சிறிது நேரத்தில் தானே கரைந்து, அதன்பின் உறையாமலே இருப்பதை யூதின் கண்டிருந்தார். உறையாமல் தடுக்கும் மருந்து எதுவும் கலவாமலே அக்குருதியைச் சேமித்து வைக்க முடிந்தது. கேட்பவர் உள்ளம் சற்றே நடுங்கத்தான் செய்யும். ஆயினும் உயிர் பிரியும் நேரத்தில் நாளச்சுவர்கள் தம்மிடமிருந்த தூண்டியையெல்லாம் ஒருங்கே கொட்டிவிடுகின்றன என்று இக்காலத்தவர் கூறும் விளக்கத்துக்கு அந்நிகழ்ச்சி சான்றாக நிற்கிறது.

கரைக்கும் பொருளை மனிதன் கையில் கொடுத்தது ஒரு கிருமி என்பது இவ்வரலாற்றின் விந்தை. அதற்கு ஸ்டிரெப்டோகாக்கஸ் என்று பெயர். மணிகளைக் கோத்த மாலைபோலத் தோன்றும் இக்கிருமி, தொண்டைப்புண்ணும் செம்புள்ளிக் காய்ச்சலும் விளைப்பது. மருந்துகள் தோன்றாத காலத்தில் மகப்பேற்றுக் காய்ச்சலால் தாய்மார் பலரைக் கொன்றது.

அமெரிக்க நாட்டில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஸ்மித் டில்லெட் என்பவர் இக்கிருமியை ஆராய்ந்துகொண்டிருந்தார். மனிதப் பிளாஸ்மாவில் இட்டால் கிருமிகள் ஒன்றுகூடித் திரள்வதையும், பைப்ரினோஜன் நீங்கிய தெளிநீரில் இட்டால் அவ்வாறு திரளாமையையும் அவர் கண்டார். ‘அப்படியானால் கிருமிகள் பைப்ரினோஜனைத் தம்மேல் ஒட்டவைத்துக்கொள்கின்றன போலும், ஒட்டவைத்துக்கொண்டால் உறைவதற்குப் பைப்ரினோஜன் மிஞ்சாது, எனவே கிருமி கலந்த பிளாஸ்மா உறையாது’ என்று அவர் எண்ணினார். எண்ணம் செம்மையானதே. உறையாமல் தடுத்து வைத்திருந்த பிளாஸ்மாவைக் கண்ணாடிக் குழல்களில் ஊற்றி, சிலவற்றில் கிருமியைச் சேர்த்தார், சிலவற்றில் சேர்க்கவில்லை. பின்பு எல்லாவற்றிலும் உறைவைத் தூண்டும் சுண்ணச்சத்தைச் சேர்த்தார். எல்லாக் குழல்களும் ஒன்றுபோல் உறைந்தன. அவர் கொண்ட கருத்துப் பொய்த்தது.

குழல்களைக் கழுவி வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போயிருந்தால் யாரும் அவரைக் குறைகூறப் போவதில்லை. ஆனால் டில்லெட் சிறிது நேரம் கழித்து அக்குழல்களை மீண்டும் நோக்கினார். கிருமி சேராத குழல்களில் கட்டி கட்டியாகவே நின்றது. கிருமி சேர்ந்த குழல்களிலோ கட்டி கரைந்து நீராகியிருந்தது! தேடியது கிடைக்கவில்லை, தேடாதது கிடைத்தது. கார்னர் என்பாருடன் சேர்ந்து 1933-ஆம் ஆண்டில் டில்லெட் இதனை வெளியிட்டார். பிற்காலத்தில் இப்பொருளுக்கு ஸ்டிரெப்டோகைனேஸ் என்னும் பெயர் நிலைத்தது.

கிருமிக்கு இப்பொருள் எதற்கு? உடல் தன்னுள் புகுந்த கிருமியைச் சுற்றிப் பைப்ரின் வேலியிட்டுச் சிறைப்படுத்த முயல்கிறது. வேலியைக் கரைத்துக்கொண்டு வெளியேறும் வல்லமை உடைய கிருமியே பெருகிப் பரவும். தென்னமெரிக்காவில் பிற விலங்கின் குருதியை நக்கிப் பிழைக்கும் ஒருவகை வௌவாலின் எச்சிலிலும் கட்டியைக் கரைக்கும் தூண்டி ஒன்று இருக்கிறது. அதன் உணவு உறைந்துபோனால் அது பட்டினி கிடக்க வேண்டியதுதான். களவுக்கு வருபவனும் வீட்டுச் சாவியைப் போலவே ஒரு சாவியைச் செய்துகொண்டு வருகின்றான்.

டில்லெட்டின் ஆய்வில் புதிர் ஒன்றும் இருந்தது. மனிதக் குருதியின் கட்டியைக் கரைத்த அப்பொருள் முயற்குருதியின் கட்டியைக் கரைக்கவில்லை. அது தானே வெட்டும் நொதியாயின் முயல் என்றும் மனிதன் என்றும் பார்க்குமா? 1941-ஆம் ஆண்டில் மில்ஸ்டோன் என்பவர், தூய்மையாகப் பிரித்தெடுத்த பைப்ரினை அது கரைப்பதில்லை என்றும், மனிதக் குருதியிலுள்ள வேறொரு பொருளும் உடன் இருத்தல் வேண்டும் என்றும் கண்டார். 1945-ஆம் ஆண்டில் கிறிஸ்டென்சென் முடிச்சை அவிழ்த்தார். கிருமியின் பொருள் கட்டியைத் தொடுவதே இல்லை. அது மனிதனின் பிளாஸ்மினோஜனோடு கூடி அதனை விழிக்கச் செய்கிறது, விழித்தது வெட்டுகிறது. முயலின் பிளாஸ்மினோஜன் அதன் அழைப்புக்குச் செவி சாய்ப்பதில்லை. உடலினுள் உறங்கும் கரைப்பான் ஒன்று உண்டு என்னும் செய்தி இவ்வாறுதான் தெளிவாயிற்று. அதே காலத்தில், 1947-ஆம் ஆண்டில், மக்பர்லேன் என்னும் ஆங்கில அறிஞர் மனிதச் சிறுநீரிலும் ஒரு தூண்டி இருப்பதை வெளியிட்டார். யூரோகைனேஸ் எனப்படும் அத்தூண்டி சிறுநீர்ப் பாதையில் கட்டி தங்காமல் காக்கிறது.

நியூயார்க்குக்குச் சென்ற டில்லெட், சோல் ஷெரி என்னும் இளம் மருத்துவருடன் சேர்ந்து, நெஞ்சறையில் குருதியும் சீழும் உறைந்து நுரையீரல் விரிய முடியாமல் தவித்த நோயாளிகளிடம் இம்மருந்தை முதலில் செலுத்தினார். 1949-ஆம் ஆண்டில் வெளிவந்த அறிக்கையின்படி, ஊசியால் உறிஞ்ச முடியாதிருந்த கெட்டிப்பொருள் நீராகி வெளியேறியது. அதன்பின் மாரடைப்புக்கு இதனைக் கொடுக்கலாமா என்ற எண்ணம் பிறந்தது. 1958-ஆம் ஆண்டில் ஷெரியும் அவருடைய தோழர்களும் அதனைச் செய்தும் பார்த்தனர். ஆனால் அம்முயற்சி விரைவில் தழைக்கவில்லை. கிருமியிலிருந்து எடுத்த மருந்தில் அழுக்குகள் கலந்திருந்தமையால் காய்ச்சல் கண்டது. அதைவிடப் பெரிய தடை மருத்துவர்களின் ஐயம். இதய நாளத்தில் காணப்படும் கட்டி மாரடைப்பின் காரணமா, மாரடைப்பு நேர்ந்தபின் உண்டாகும் விளைவா என்பதில் அவர்கள் ஒன்றுபடவில்லை. விளைவைக் கரைத்துப் பயன் என்ன?

1980-ஆம் ஆண்டில் டீவுட் என்னும் அமெரிக்க மருத்துவரும் அவருடைய தோழர்களும் அவ்வையத்தைத் தீர்த்தனர். மாரடைப்புத் தொடங்கிய 4 மணி நேரத்துக்குள் வந்த நோயாளிகளின் இதய நாளங்களை அவர்கள் ஊடுகதிர் கொண்டு நோக்கினர். 126 பேரில் 110 பேருக்கு நாளம் முற்றும் அடைபட்டிருந்தது. நேரம் கழித்து வந்தவர்களிடம் அடைப்புக் குறைவாகவே காணப்பட்டது. அடைப்பே முதலில் வருகிறது. உடல் அதனைக் கரைக்கவும் முயல்கிறது. ஆனால் கரைந்து முடிவதற்குள் தசை மடிந்துவிடுகிறது என்பது இதனால் விளங்கிற்று.

இத்தாலிய மருத்துவர்கள் இவ்வேலையைப் பெரிய அளவில் எடுத்துக்கொண்டனர். ஒரு மருத்துவமனை இருவர் மூவரை ஆராய்ந்து கருத்துச் சொல்வது போதாதென்று கண்டு, 176 இதய நோய்ப் பிரிவுகள் ஒன்றுசேர்ந்து, 11,806 நோயாளிகளைத் திருவுளச்சீட்டுப் போட்டாற்போல இருபிரிவாகப் பிரித்தன. ஒரு பிரிவினருக்கு ஸ்டிரெப்டோகைனேஸ் 15 இலட்சம் அலகு ஒரு மணி நேரத்தில் செலுத்தப்பட்டது. மற்றப் பிரிவினருக்கு வழக்கமான மருத்துவம் மட்டும் அளிக்கப்பட்டது. 1986-ஆம் ஆண்டில் முடிவு வெளிவந்தது. 21 நாட்களுக்குள் இறந்தோர், மருந்து பெறாதவர்களில் 100-க்கு 13, பெற்றவர்களில் 10.7. வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். நோயாளிகளின் தொகையோடு பெருக்கிப் பார்ப்பவருக்கு அது சிறிதன்று. வலி தொடங்கிய ஒரு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களிடம் இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. மருந்தைவிட மணியே பெரிது என்பதை அவ்வாய்வு காட்டிற்று. நெஞ்சுவலியை வாய்வுப்பிடிப்பு என்று எண்ணி விடியும்வரை காத்திருந்து உயிரிழப்போர் எல்லா நாட்டிலும் உண்டு.

ஸ்டிரெப்டோகைனேஸில் குறை இல்லாமலில்லை. அது கட்டியில் உள்ள பிளாஸ்மினோஜனை மட்டுமன்றிக் குருதி முழுவதிலும் உள்ளதையும் எழுப்பிவிடுகிறது. மேலும் அது அயலான் பொருள். தொண்டைப்புண் கண்ட பெரும்பாலோர் உடலில் அதற்கு எதிர்ப்பொருள் முன்பே இருக்கும். ஒருமுறை செலுத்தினால் அவ்வெதிர்ப்பு இன்னும் பெருகும். ஆகவே உடலின் சொந்தத் தூண்டியையே பெற முயன்றனர். அது குருதியில் மிகமிகச் சிறிதளவே இருப்பது. பெல்ஜிய நாட்டு லூவன் பல்கலைக்கழகத்தில் தெசிரே கொல்லன் என்பவரும் அவருடைய தோழர்களும், தோற்புற்றிலிருந்து எடுத்து வளர்க்கப்பட்ட ஒருவகை உயிரணுக்கள் இத்தூண்டியை ஏராளமாகச் சுரப்பதைப் பயன்படுத்தி அதனைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தனர். அதன்பின் அமெரிக்க ஆய்வாளர்கள் அதன் மரபணுவைப் பிரித்து வேற்று உயிரணுக்களில் புகுத்தி மருந்தாகச் செய்தனர். 1987-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு அதனை மாரடைப்புக்கு வழங்க இசைந்தது. குழல் செலுத்தி நாளத்தை விரிக்கும் மருத்துவம் பரவிய இக்காலத்திலும், அவ்வசதி உரிய நேரத்தில் கிட்டாத இடத்தில் கரைப்பு மருந்தே கைகொடுக்கிறது.

மூளை நாளம் அடைபட்டு வரும் பக்கவாதத்துக்கு இத்தூண்டியைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1995-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. 624 நோயாளிகள், நோய் தொடங்கிய 3 மணி நேரத்துக்குள் மருந்து. மூன்று மாதம் கழித்துப் பார்க்கையில், ஊனம் சிறிதும் இல்லாதவரும் மிகச் சிறிதளவே உள்ளவரும் மருந்து பெற்ற பிரிவில் மிகுந்திருந்தனர். ஆனால் அப்பிரிவில் 100-க்கு ஆறு பேருக்கு மூளையில் குருதி கசிந்தது. பெறாத பிரிவில் 100-க்கு ஒருவருக்கும் குறைவு. இது கூரிய கத்தி. ஆகையால் முதலில் தலையைப் படம் பிடித்துக் கசிவு இல்லையென்று உறுதி செய்துகொண்ட பின்னரே இதனைக் கொடுப்பர். காலவரம்பு பிற்காலத்தில் நாலரை மணி நேரமாக நீட்டப்பட்டது. வாய் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ அது தொடங்கிய மணியைக் குறித்துக்கொண்டு ஓடிவருமாறு மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

கரைவு போதாமையால் இறப்பவர் ஒருபுறம். கரைவு மிகுந்து இறப்பவர் மறுபுறம். பெரும் விபத்தில் சிக்கியவர் உடலிலும், மகப்பேற்றுக்குப் பின் குருதி பெருகும் தாயின் உடலிலும், திசுக்களிலிருந்து தூண்டி ஏராளமாக வெளிப்பட்டு, அப்பொழுதே உண்டான கட்டிகளையும் கரைத்துவிடுகிறது. அடைத்த உடைப்பு மீண்டும் திறந்துகொள்கிறது.

இதனைத் தடுக்கும் மருந்தைக் கண்டவர்கள் ஜப்பானியத் தம்பதியர், ஷோசுகே ஒகமோட்டோவும் உதாகோ ஒகமோட்டோவும். இரண்டாம் உலகப்போரில் சிதைந்த டோக்கியோ நகரில், பொருள் இல்லாத ஆய்வுக்கூடத்தில் அவர்கள் வேலை தொடங்கினர். குருதியை ஆராய்வதில் ஒரு சிக்கனம் இருந்தது. ஆய்வுப்பொருள் குறைந்தால் தங்கள் குருதியையே எடுத்துக்கொள்ளலாம்! குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமையால் உதாகோ அதனை முதுகில் கட்டிக்கொண்டே ஆய்வு செய்தார். பிளாஸ்மினோஜனின் கொக்கிகள் லைசினில் மாட்டிக்கொள்கின்றன அல்லவா? லைசினைப் போன்றே உருவம் உடைய, ஆனால் இழையோடு சேராத பொருளொன்றைக் கொடுத்தால் கொக்கிகள் அதனைப் பற்றிக்கொண்டு ஏமாந்துபோகும், கட்டி தப்பும். பல பொருள்களை ஆராய்ந்து, 1962-ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்டதே டிரானெக்சாமிக் அமிலம்.

மகப்பேற்றுக் குருதிப்பெருக்கால் தாய்மார் இறப்பதைத் தடுக்க வேண்டும் என்பதே உதாகோவின் விருப்பம். ஆனால் தம் நாட்டு மகப்பேற்று மருத்துவர்களை அவ்வாய்வுக்கு அவரால் இணங்கச் செய்ய முடியவில்லை. மருந்து பல் பிடுங்குதல், மாதவிடாய் மிகுதல் முதலியவற்றுக்குப் பயன்பட்டு வந்தது. 2010-ஆம் ஆண்டில், 40 நாடுகளில் விபத்துக்குள்ளான 20,000-க்கும் மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வு, இம்மருந்து உயிர் காப்பதை மெய்ப்பித்தது. தாய்மாரிடம் ஆராயும் பெருமுயற்சியும் அவ்வாண்டிலேயே தொடங்கிற்று. 21 நாடுகளைச் சேர்ந்த 20,060 பெண்கள் அதில் பங்குகொண்டனர். முடிவு 2017-ஆம் ஆண்டில் வெளிவந்தது. மகப்பேற்றுக்குப் பின் 3 மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களிடம், குருதிப்பெருக்கால் நேரும் இறப்பு மூன்றில் ஒரு பங்கு அளவு குறைந்தது. 98-ஆம் அகவையில், 2016-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் உதாகோ மறைந்துவிட்டமையால், அம்முடிவை அவர் காணவில்லை.

உலக நலவாழ்வு நிறுவனம் அவ்வாண்டே இம்மருந்தைத் தாய்மாருக்குப் பரிந்துரைத்தது. குருதிப்பெருக்குக் கண்டவுடன் 1 கிராம் மருந்தை நாளத்தில் மெல்லச் செலுத்துவர்; அரை மணி நேரம் கழிந்தும் பெருக்கு நில்லாவிடின் இன்னொரு கிராம் செலுத்துவர்.